கறுப்புக் காரில் சுருள் கீறல்: எந்தப் பேட், எந்தப் பாலிஷ் வாங்குவது?

திருப்பூர்த் தம்பி:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். எங்கள் வீட்டில் 2017இல் வாங்கிய கறுப்பு செடான் கார் இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து வாரந்தோறும் தெருமுனை வாட்டர் வாஷ் கடையில்தான் கழுவினோம். எல்லா வண்டிக்கும் ஒரே வாளி, ஒரே துணி. போன வாரம் இரவு பெட்ரோல் பங்கில் நின்றபோது பானெட்டைப் பார்த்தேன். விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை கட்டியதுபோல் வட்ட வட்டமாகக் கீறல்கள். அப்பா ஆசைப்பட்டு வாங்கிய வண்டி, மனது கேட்கவில்லை.

தெரிந்த பெயிண்டர் ஒருவர் ரோட்டரி மெஷினில் (ஒரே அச்சில் வேகமாகச் சுழல்வது) கம்பளிப் பேட் மாட்டி, ரப்பிங் காம்பவுண்ட் என்ற முரட்டுப் பாலிஷ் போட்டு ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. 15 மி.மீ. வீச்சுள்ள டி.ஏ. மெஷின் (பேட் சுழன்றுகொண்டே அசையும் டூயல் ஆக்ஷன் வகை) ஒன்றை நானே வாங்கிவிட்டேன். பேட் ஒட்டும் தட்டு 5 அங்குலம். கடையில் ஆரஞ்சு, வெள்ளை, கறுப்பு ஃபோம் பேட்களும் மைக்ரோஃபைபர் பேட்களும் இருக்கின்றன. மென்சர்னா நிறுவனத்தின் பாலிஷில் 400, 2500, 3800 என்ற மூன்று எண்களும் கிடைக்கின்றன. எல்லாவற்றையும் வாங்க வசதி இல்லை. அடுத்த மாதம் தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்தக் கார்தான். எதை வாங்கட்டும்?

சேலத்துக்காரன்:

நாள் குறைவாக இருப்பதால் மைக்ரோஃபைபர் பேட், 400 இரண்டையும் வாங்கிவிடுங்கள். என் வெள்ளை ஹாட்ச்பேக்கில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் போய்விட்டது. கடைசியில் 3800 ஒரு கை போட்டால் போதும்.

ஈரோட்டுப் பட்டறைக்காரன்:

தம்பி, அந்தப் பெயிண்டரிடம் வண்டியைக் கொடுக்காமல் விட்டது நல்லது. சேலத்து நண்பர் சொன்னது அவர் வண்டிக்குச் சரியாக இருந்திருக்கும். வெள்ளையில் தெரியாத மங்கல் கறுப்பில் பளிச்சென்று தெரியும். மைக்ரோஃபைபரின் ஒவ்வொரு இழையும் பாலிஷோடு சேர்ந்து தேய்க்கும். அதனால் வேகமாக வெட்டும். பெயிண்டின் மேல் இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட் மிருதுவாக இருந்தால், பழைய கீறல் போன இடத்தில் புகை படிந்ததுபோல் ஒரு மங்கலை விட்டுவிடும். அதை எடுக்க மறுபடியும் தேய்க்க வேண்டும்.

மறுபடியும் மறுபடியும் தேய்க்க அங்கே என்ன இருக்கிறது? நிறத்தின் மேல் இருக்கும் கிளியர் கோட் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் தடிமன்கூடத் தேறாது. நீங்கள் பார்த்த சுருள் கீறல்கள் அதன் மேல்பரப்பில் ஓரிரு மைக்ரான் ஆழத்தில் இருப்பவை. அவை உண்மையில் வட்டமும் இல்லை. எல்லாத் திசையிலும் கிடக்கும் நுண்கோடுகளில் வெளிச்சத்துக்குக் குறுக்கே இருப்பவை மட்டும் மின்னுவதால் விளக்கைச் சுற்றி வட்டமாகத் தெரிகின்றன. இவ்வளவு மேலாக இருக்கும் கீறலுக்கு 400 போன்ற முரட்டுப் பாலிஷ் தேவையில்லை.

நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பட்டறையில் சேர்ந்த முதல் ஆண்டு, ஒரு சிவப்புக் காரின் பானெட்டில் ரோட்டரியும் கம்பளிப் பேடும் வைத்து வேலை செய்தேன். நடுவில் எழும்பி நிற்கும் மடிப்பு விளிம்பில் மூன்று நொடி நின்றிருப்பேன். பேடை எடுத்தபோது, சுண்டுவிரல் நகம் அளவுக்குச் நிறத்துக்கு அடியில் இருக்கும் சாம்பல் நிறப் பிரைமர் தெரிந்தது. கை குளிர்ந்துவிட்டது. பானெட் முழுவதும் திரும்பப் பெயிண்ட் அடிக்க வேண்டியதாயிற்று. இன்றுவரை எந்த விளிம்பாக இருந்தாலும் மாஸ்கிங் டேப் ஒட்டாமல் மெஷினை எடுப்பதில்லை. உங்கள் டி.ஏ. பெயிண்டை அவ்வளவு எளிதில் சுடாது, இருந்தாலும் ஒட்டுங்கள். பிளாஸ்டிக் பட்டைகளிலும் ஒட்டுங்கள். பாலிஷ் பட்டால் வெள்ளைக் கறை போகாது.

இப்போது வாங்க வேண்டியது. வெள்ளை ஃபோம் பேட் ஐந்து, அதைவிடச் சற்றுக் கூடுதலாக வெட்டும் ஆரஞ்சு இரண்டு, 2500 ஒன்று, 3800 ஒன்று. ஆனால் நிறத்தை நம்பி வாங்காதீர்கள். எந்த நிறுவனத்தின் பேட் என்று கேளுங்கள். ரூபெஸில் மஞ்சள் என்றால் மென்மையான மெருகுக்கு. லேக் கன்ட்ரியில் மஞ்சள் என்றால் கடுமையாக வெட்டும் பேட். புட்டியில் உள்ள எண்ணும் அப்படித்தான். மென்சர்னாவில் எண் கூடக் கூட மென்மை. மெகுவயர்ஸ் 205 மெருகேற்றும் பாலிஷ். 400ஐவிடச் சிறிய எண் என்பதால் அது அதைவிட முரடு ஆகிவிடாது. 5 அங்குலத் தட்டுக்கு ஐந்தரை அங்குலப் பேட், ஓரளவு மெல்லியதாகப் பாருங்கள். தடித்த ஃபோம் டி.ஏ.வில் சுழல மறுக்கும்.

பேட் எதற்கு ஐந்து என்று கேட்பீர்கள். பாலிஷோடு சேர்ந்து உரிந்த கிளியர் கோட்டும் ஃபோமின் துளைகளில் அடைந்துகொள்ளும். விரலால் தடவினால் காய்ந்த மாவுபோல் உருளும். அதற்குமேல் அந்தப் பேட் புதிய கீறலைத்தான் போடும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பிரஷால் துலக்குங்கள். இரண்டு பேனலுக்கு ஒருமுறை பேடை மாற்றுங்கள். பணம் குறைவு என்றால் புட்டியில் குறையுங்கள், பேடில் குறைக்காதீர்கள்.

கழுவி, ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் கட்டியான கிளே பார் ஓட்டிய பிறகு பானெட்டில் ஒன்றரை அடிச் சதுரத்தை டேப்பால் பிரித்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பேட், 3800, பட்டாணி அளவில் நான்கு பொட்டு. குறைந்த வேகத்தில் பரப்பிவிட்டு, வேகம் 4க்கு ஏற்றி, குறுக்கும் நெடுக்கும் மெதுவாக ஐந்தாறு முறை. தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். அது சுற்றுவது நின்றால் அதிகம் அழுத்துகிறீர்கள் என்று பொருள். துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். போதவில்லை என்றால் அதே வெள்ளைப் பேடில் 2500. அதுவும் போதாவிட்டால் ஆரஞ்சு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நகம் மாட்டுகிற கீறல் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அதன் பின்னால் போனால் கிளியர் கோட் தீர்ந்துவிடும்.

மதுரை வாசகி:

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டார்ச் அடிப்பதற்கு முன்னால், தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்திருக்கும். நான் துடைக்காமல் விட்டு, இரண்டாவது கழுவலில் எல்லாக் கீறலும் திரும்பி வந்துவிட்டது. வெயிலிலும் செய்யாதீர்கள். உள்ளங்கையை பானெட்டில் வைத்து எடுக்காமல் இருக்க முடிந்தால்தான் தொடங்கலாம்.

திருப்பூர்த் தம்பி:

அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி. மாலை ஐந்தரைக்கு மேல் போர்ட்டிகோவில் வைத்துச் செய்தேன். 3800 போட்டதில் பாதிதான் போனது. அதே வெள்ளைப் பேடில் 2500 போட்டதும் டேப்புக்கு இந்தப் பக்கம் சிலந்தி வலை, அந்தப் பக்கம் கண்ணாடி! ஆல்கஹாலில் துடைத்த பிறகும் அப்படியே இருக்கிறது. அப்பா டார்ச்சை என் கையிலிருந்து வாங்கி, குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆரஞ்சுப் பேடைப் பிரிக்கவே இல்லை. கடையில் திருப்பிக் கொடுக்கலாமா?

ஈரோட்டுப் பட்டறைக்காரன்:

கொடுக்காதீர்கள் தம்பி, கதவுக் கைப்பிடிக் குழியில் நகக் கீறல் இருக்கும், அங்கே கையால் தேய்க்க உதவும். 2500 முடித்த பேனல்களில், புதிய வெள்ளைப் பேடில் 3800 ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு பாதுகாப்புப் பூச்சாக வாக்ஸோ சீலன்ட்டோ போட்டுவிடுங்கள். கல்யாணத்தன்று பூ அலங்காரம் செய்பவர்களிடம் முன்கூட்டியே பேசுங்கள்: பானெட்டில் செலோடேப் ஒட்டக்கூடாது, கம்பி படக்கூடாது, காய்ந்த துணியால் தூசி தட்டக்கூடாது. சரத்தைக் கிரில்லிலும் கதவு இடுக்கிலும் கட்டச் சொல்லுங்கள்.