கேட் போர்டுல “ஆண்கள்”, “பெண்கள்”: ஆள் எடுப்பில் பாகுபாடு பற்றிய அனுபவப் பகிர்வு

பல்லடம், நூற்பாலை ஆள்சேர்ப்பு

திருப்பூர் அவிநாசி ரோட்டுல கம்பெனி கேட்டுகள்ல தொங்கற போர்டைப் பாருங்க. “பேட்லாக் டெய்லர் ஆண்கள், செக்கிங் பெண்கள், கைமடி பெண்கள்.” (பேட்லாக்னா பனியன் ஓரத்தை மடிச்சுத் தைக்கற மிஷின், கைமடின்னா டெய்லருக்குத் துணி மடிச்சு எடுத்துக் கொடுக்கற உதவியாள்.) ஒருத்தரைக் கூப்பிட்டு மிஷின்ல உக்கார வைக்கறதுக்கு முன்னாடியே பாதிப் பேரைத் திருப்பி அனுப்பியாச்சு. ஆண்களுக்கு அநியாயம், பெண்களுக்கு அநியாயம்னு ரெண்டு பக்கமும் வாதாடறவங்க இந்த போர்டுல இருந்து ஆரம்பிக்கோணுமுங்க.

சட்டம் இங்க மாறியிருக்கு. 1976 சம ஊதியச் சட்டத்தோட 5-ஆம் பிரிவு, ஆள் எடுக்கறதுல பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை மட்டுந்தான் தடுத்துச்சு. கோன் வைண்டிங்குக்கு, அதாவது நூலைக் கோன்ல சுத்தற வேலைக்கு, ஆம்பளை வேண்டாம்னு சொன்னா அதுல வழியில்லை. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்போட 3-ஆம் பிரிவு, பாலினத்தைக் காரணமா வெச்சு ஆள் எடுப்புலயும் கூலியிலயும் வேற்றுமை காட்டக்கூடாதுன்னு பொதுவாச் சொல்லுது. ஆணுக்கும் சேர்த்துத்தான். ஒரு குறிப்பிட்ட வேலையில பெண்களை வைக்கறதை வேற சட்டம் தடுத்திருந்தா அது மட்டும் விலக்கு.

இன்னொன்னு. மில்லுல ஆம்பளைங்க குறைஞ்சதுக்குப் பெண்கள் உரிமை கேட்டது காரணம்னு அடிக்கடி கேட்கறோம். அது தப்புங்க. சுமங்கலித் திட்டம்னு பேர் வெச்சு, கல்யாணமாகாத புள்ளைங்களை மூணு வருஷத்துக்கு ஹாஸ்டல்ல வெச்சு, கடைசியில 30,000-லிருந்து 50,000 ரூபாய் வரைக்கும் மொத்தமாத் தர்றோம்னு எடுத்தாங்க. நடுவுல போனா அந்தப் பணம் பெரும்பாலும் கைக்கு வராது. வெளியே போக முடியாது, சங்கம் சேர முடியாது, கூலி கம்மி. அதுக்காகத்தான் நிரந்தரத் தொழிலாளியா இருந்த ஆண்களை விட்டுட்டு இவங்களை எடுத்தது. வேலை போன ஆணும் அடைபட்ட பெண்ணும் ஒரே கணக்குல நஷ்டப்பட்டவங்க.

திருப்பூர், தையல் பிரிவு மேற்பார்வை

பல்லடத்து அண்ணன் சொன்னதோட சேர்த்து, போர்டை எப்படி எழுதறதுன்னு சொல்றேனுங்க. ஆளை எழுதாதீங்க, வேலையை எழுதுங்க: “பேட்லாக், கை மடிப்பு, கீழ் மடிப்பு தெரிந்தவர். காலை 8.30 முதல் ஒன்றரை ஷிப்ட். பீஸ் ரேட்.” ஷிப்டை எழுதாம விட்டாத்தான் “ராத்திரி பொம்பளைங்க நிக்க மாட்டாங்க”ன்னு நாமளே முடிவு பண்ணிக்கிறோம். நிக்கறதா வேண்டாமான்னு அவங்க சொல்லட்டும்.

அடுத்தது மிஷின் டெஸ்ட். பேருக்குப் பதிலா நம்பர் கொடுங்க. எல்லாருக்கும் ஒரே மிஷின், ஒரே துணி. ஒருத்தருக்கு இன்டர்லாக் துணியும் இன்னொருத்தருக்கு மெல்லிசான சிங்கிள் ஜெர்சி துணியும் கொடுத்தா டெஸ்டே பொய். சிங்கிள் ஜெர்சி ஓரம் சுருண்டுக்கும், கை வேகம் தானாக் குறையும். டெஸ்டுக்கு முன்னாடி ஊசி புதுசா மாத்துங்க. மொனை மழுங்கின ஊசியில தையல் விட்டா பழி ஆள் மேல விழும். 5 பீஸ் கை பழக, அப்புறம் 10 பீஸ் கணக்குக்கு. ரொம்ப வேகமான ஒன்னையும் ரொம்ப மெதுவான ஒன்னையும் தள்ளிட்டு மீதி எட்டுக்குச் சராசரி எடுங்க. தையல் விட்டது, ஊசி ஓட்டை, மடிப்பு ஏத்த இறக்கம், இந்த மூணையும் தனியா எண்ணுங்க. பீஸ் பாக்கறவருக்கு அது யார் தைச்சதுன்னு தெரியக் கூடாது.

இவ்வளவு பண்ணியும் ஆண்கள் மட்டுமே தேறினா, கோளாறு டெஸ்டுக்கு முன்னாடியே இருக்கு. கைமடியா சேர்ந்த பொண்ணை வருஷக் கணக்கா மிஷின் பக்கமே விடறதில்லை. பையனா இருந்தா ஆறு மாசத்துல பவர் டேபிள்ல (மோட்டார் தையல் மிஷின் வரிசை) உக்கார்ந்திடறான். சும்மா கிடக்கற மிஷினை யாருக்குப் பழகக் கொடுக்கறீங்கன்னு ஒரு நோட்டுல தேதியோட எழுதிப் பாருங்க, தெரிஞ்சிடும்.

கூலியிலயும் இதே கதை. “கைமடி”, “ஹெல்பர்”னு ரெண்டு பேர் வெச்சு ஒரே வேலைக்கு ரெண்டு சம்பளம். சட்டம் பேரைப் பாக்கறதில்லை. திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு நாலும் ஒன்னான்னு பாக்குது. சமப்படுத்தறேன்னு சொல்லி, அதிகம் வாங்கறவர் கூலியைக் குறைக்கவும் கூடாது. கம்பெனிக்குக் கட்டுபடியாகலைங்கிற காரணத்தை 1987-லயே உச்ச நீதிமன்றம் ஏத்துக்கலை. அது பெண் சுருக்கெழுத்தர் ஒருத்தர் தொடுத்த வழக்கு.

கோவை, சம்பளக் கணக்கு

“கல்யாணமான புள்ளையை எடுத்தா 26 வாரம் சும்மா சம்பளம் கொடுக்கோணும்”னு ஓனர்கள் சொல்ற காரணம் பெரும்பாலான பனியன் கம்பெனிக்குப் பொருந்தாதுங்க. இ.எஸ்.ஐ.-யில (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருக்கற தொழிலாளிக்கு, அதாவது மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரைக்கும், மகப்பேறு காலச் சம்பளத்தைத் தர்றது இ.எஸ்.ஐ. கழகம். கம்பெனி கட்டறது எப்பவும் கட்டற 3.25 சதவீதந்தான், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்னே. முந்தின ரெண்டு சந்தா காலத்துல (ஒன்னு ஆறு மாசம்) 70 நாளுக்குச் சந்தா இருக்கோணும். தவறறது இங்கதான்: ஆளைச் சேர்த்து மூணு நாலு மாசம் கழிச்சுப் பதிவு பண்ணுவாங்க, நாள் கணக்கு குறைஞ்சிடும், அப்புறம் “பொம்பளைன்னா தொந்தரவு”ன்னு பேச்சு. சேர்ந்த அன்னைக்கே பதிவு பண்ணுங்க.

ஈரோடு, ஒரு கேள்வி

அண்ணா, அரசு வேலையில பெண்களுக்கு 40 சதவீதம் ஒதுக்கினது ஆண்களுக்குப் பாகுபாடு இல்லீங்களா? பொம்பளைங்களை எடுத்தா கமிட்டி வைக்கோணும்னு சின்னக் கம்பெனிக்காரங்க பயப்படறதும் நெசந்தானே?

கோவை, சம்பளக் கணக்கு

தம்பி, கோபம் புரியுது. ரெண்டையும் பிரிச்சுப் பாக்கோணும். 1989-லிருந்து இருந்த 30 சதவீதத்தை 40 ஆக்கறதா 2021-ல அறிவிச்சது தமிழக அரசுப் பணிக்கு. அரசியல் சாசனம் 15(3) பெண்களுக்குத் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் கொடுக்குது. அதை எதிர்த்து வாதாட உங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா தனியார் கம்பெனியில அப்படி ஒதுக்கீடே கிடையாது. அங்க வேலை கிடைக்காததுக்கு அதைக் காரணம் சொல்ல முடியாது.

கமிட்டி விஷயம்: வேலையிடத்துல பெண்களுக்கு நடக்கற பாலியல் தொந்தரவைத் தடுக்கற 2013 சட்டப்படி 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை செஞ்சா உள் புகார்க் குழு வேணும். பத்துல பெண்கள் எத்தனைன்னு சட்டம் கேக்கலை, அதனால பெண்களை எடுக்காம இருந்து தப்பிக்க முடியாது. அந்தச் சட்டத்துல புகார் கொடுக்கறது பெண்கள் மட்டும்ங்கிறது உண்மை. அது ஒரு குறைதான். கம்பெனி தன்னோட விதியில ஆண்களையும் சேர்த்துக்கலாம், யாரும் தடுக்கலை. பொய்ப் புகாருக்கு 14-ஆம் பிரிவு இருக்கு. நிரூபிக்க முடியலைங்கிறதுக்காக மட்டும் ஒரு புகார் பொய்யாகிடாதுன்னும் அதே பிரிவு சொல்லுது. ரெண்டையும் சேர்த்துப் படிங்க.

பல்லடம், நூற்பாலை ஆள்சேர்ப்பு

ராத்திரி ஷிப்ட் பத்தி விட்டுப்போச்சு. பெண்களுக்கு ராத்திரி வேலையைத் தடுத்த பழைய தொழிற்சாலைச் சட்ட விதியை 2000-லயே சென்னை உயர் நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு. இப்ப 2020 தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புலயும் சம்மதத்தோட, பாதுகாப்பு ஏற்பாட்டோட ராத்திரி 7 மணிக்கு மேல வேலை செய்யலாம்னு இருக்கு. “சட்டம் விடாது”ன்னு யார் சொன்னாலும் எந்தப் பிரிவுன்னு கேளுங்க.

புகார் கொடுக்கறவங்க, ஆணானாலும் பெண்ணானாலும், போர்டைத் தேதி தெரியற மாதிரி போட்டோ எடுங்க. போன்ல “ஆம்பளை வேண்டாம்”னு சொன்னா, அதையே வாட்ஸ்அப்ல கேட்டுப் பதிலை வாங்குங்க. கூலி வித்தியாசம்னா ஒரே மாசத்து ரெண்டு பேர் சம்பளச் சீட்டு வேணும். வேற வேற மாசம் வெச்சா ஓவர்டைம் கணக்குல குழப்பிடுவாங்க. மனு மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்துல. கூலி பாக்கி கேக்கறதுக்கு மூணு வருஷம் வரைக்கும் அவகாசம். மனுவோட நகல்ல சீல் வாங்காம வெளிய வராதீங்க.