வாய்த்தொண்டைப் புற்றுநோய் ஆய்வு: பழைய பதிவுகளைக் கையாள வழிகாட்டல் தேவை

குழுவிலுள்ள மூத்த மருத்துவர்களுக்கும் புள்ளியியல் அறிந்தவர்களுக்கும் வணக்கம். காது மூக்கு தொண்டைத் துறையில் பட்டமேற்படிப்பு ஆய்வேட்டுக்காக, டான்சிலிலும் நாக்கின் அடிப்பகுதியிலும் புற்றுநோய் வந்து, கதிர்வீச்சும் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும் பெற்றவர்களின் பழைய பதிவுகளைத் தொகுத்து வருகிறேன்.

புற்றுநோய் எந்த நிலையில் உள்ளது என வகைப்படுத்தும் ஏஜேசிசி (அமெரிக்கக் கூட்டுக் குழு) கையேட்டின் 2018-இல் நடைமுறைக்கு வந்த எட்டாம் பதிப்பு, பி16 (ஹெச்பிவி வைரஸ் தொடர்பைச் சுட்டும் புரதம்) பாசிட்டிவ் கட்டிகளுக்குத் தனி நிலை வகைப்பாட்டைத் தந்தது. அதனால், 3 செ.மீ. கட்டியும் அதே பக்கக் கழுத்தில் இரண்டு சிறிய நெறிக்கட்டிகளும் இருந்து, ஏழாம் பதிப்பின்படி நான்காம் நிலை எனக் குறிக்கப்பட்டவர், பி16 பாசிட்டிவாக இருந்தால் எட்டாம் பதிப்பின்படி முதல் நிலைக்கு வந்துவிடுகிறார். ஆனால் பழைய நோயாளிகள் பலருக்கு அந்தச் சோதனையே செய்யப்படவில்லை. பாரஃபின் பிளாக்குகளில் (மெழுகில் பதித்துச் சேமித்த திசுத் துண்டுகள்) இப்போது செய்யலாம் என்றாலும் (பாசிட்டிவ் எனக் கொள்ள 70 சதவீதச் செல்களிலாவது சாயம் தெளிவாகப் படிய வேண்டும்), சிலவற்றில் திசு ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. இவர்களை நீக்கிவிட்டால், சிறிய பயாப்சி எடுக்கப்பட்டவர்கள் மட்டும் விடுபட்டு, முடிவு ஒரு பக்கம் சாயும் என்று அஞ்சுகிறேன். 'பி16 முடிவு அறியப்படாதோர்' எனத் தனிப் பிரிவாக வைப்பது ஏற்புடையதா, அல்லது விடுபட்ட தரவுக்கான புள்ளியியல் முறை எதையாவது பரிந்துரைப்பீர்களா?

இன்னொன்று, சிகிச்சைக்குப் பிந்தைய விழுங்கும் திறன். கேஸ் ஷீட்டில் பெரும்பாலும் 'வாய்வழி உணவு எடுக்கிறார்' என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது. உணவு செலுத்தப் பொருத்திய குழாய் அகற்றப்பட்ட தேதியை மாற்று அளவுகோலாகக் கொள்ளலாமா? குழாய் இன்றியும் கஞ்சியோடு நின்றுவிட்டவர்களை அது காட்டாது என்பதே என் தயக்கம். நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதுவதற்கு முன் உங்கள் கருத்துகள் கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.