சிட் சிப்பின் தாள ஒலியை அனலாக் சின்தசைசரில் கொண்டுவருவது எப்படி?

கேள்வி:
1982இல் வெளிவந்த கமடோர் 64 கணினியில் ஒலியை உருவாக்கும் சிட் (SID) 6581 சிப்பில் ஒலிக்கும் கிக் (தாழ்ந்த 'தும்' அடி), ஸ்னேர் (சலசலக்கும் கூர்மையான அடி) என்ற டிரம் ஒலிகளை, தனித்தனிப் பகுதிகளைக் கம்பிகளால் இணைத்து இயக்கும் என் மாடுலர் சின்தசைசரில் உருவாக்க முயன்று வருகிறேன். 'ஷ்' என்று ஒலிக்கும் வெண் இரைச்சலைக் குறுகிய என்வலப்பால் (நேரத்தோடு ஏறி இறங்கும் கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தால்) திறந்து மூடினால் ஸ்னேர் போல ஒன்று கிடைக்கிறது. ஆனால் அந்தச் சிப்புக்கே உரிய கரகரப்பும் தொடக்கத்தில் தெறிக்கும் 'டக்' என்ற ஒலியும் வரவில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
நண்பரே, முதலில் நேரக் கணக்கைக் கவனியுங்கள். பால் (PAL) எனும் தொலைக்காட்சி முறைக்கான கணினிகளில் இசை நிரல் பெரும்பாலும் நொடிக்கு 50 முறை, திரை புதுப்பிக்கப்படும் வேகத்திலேயே இயங்கியதால், ஒலியின் மாற்றங்கள் 20 மில்லிநொடிப் படிகளாகவே நிகழ்ந்தன. ஸ்னேர் என்றால் முதல் படியில் நாய்ஸ் (இரைச்சல்), அடுத்ததில் பல்ஸ் (செவ்வக வடிவ) அலை, பிறகு மீண்டும் நாய்ஸ் என்று ஒரே குரலுக்குள் (சிப்பின் ஒரே ஒலித்தடத்துக்குள்) அலைவடிவத்தையே மாற்றுவார்கள். கிக்கில் நாய்ஸ் ஒரு படிதான். அதன்பின் பல்ஸோ முக்கோண அலையோ சுருதி இறங்கிக்கொண்டே போகும்.

உள்ளீடுகளை ஒவ்வொன்றாக மாற்றி அனுப்பும் சீக்வென்ஷியல் ஸ்விட்ச் ஒன்றை 50 ஹெர்ட்ஸ் கிளாக்கில் (நொடிக்கு 50 முறை துடிக்கும் சமிக்ஞையில்) ஓட்டி, உள்ளீடுகளில் இந்த அலைகளை வரிசையாகக் கொடுங்கள். சுருதிக்கான என்வலப்பையும் அதே கிளாக்கில் இயங்கும் சாம்பிள் அண்ட் ஹோல்ட் (ஒவ்வொரு துடிப்பிலும் மதிப்பை எடுத்து அடுத்த துடிப்புவரை பிடித்துவைக்கும் பகுதி) வழியாக அனுப்பினால், வழுக்கி இறங்கும் சுருதி படிப்படியாக இறங்கும். அடி விழும் கணத்தில் கிளாக்கும் ஸ்விட்சும் தொடக்கத்துக்குத் திரும்புவது மிக முக்கியம். இல்லாவிட்டால் முதல் படியின் நீளம் அடிக்கு அடி மாறி, அந்தத் தெறிப்பே கெட்டுவிடும்.

மறுமொழி 2:
கரகரப்புக்குக் காரணம் நாய்ஸ் உருவாகும் விதம். சிட்டில் அது, பிட்டுகளை வரிசையாக நகர்த்தும் 23 பிட் ஷிஃப்ட் ரிஜிஸ்டரிலிருந்து வருகிறது. அலையை உருவாக்கும் ஆசிலேட்டரின் வேகத்தில்தான் அந்த ரிஜிஸ்டர் நகரும் என்பதால் நாய்ஸுக்கும் சுருதி ஏற்ற இறக்கம் உண்டு. வெண் இரைச்சலை இன்னொரு சாம்பிள் அண்ட் ஹோல்டில் கொடுத்து, அதன் கிளாக்காகச் சில கிலோஹெர்ட்ஸில் ஓடும் ஆசிலேட்டரை இணையுங்கள். ஆசிலேட்டரைத் தாழ்த்தத் தாழ்த்த, ஃபில்டரால் ஒருபோதும் கிடைக்காத சொரசொரப்பு தெளிவாகக் கேட்கும். அதன்பின் உயர் அதிர்வெண்களைக் குறைக்கும் லோ பாஸ் ஃபில்டர் வேண்டாம். கூர்மையான விளிம்புகள்தான் அந்த ஒலியின் உயிர்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. நாய்ஸ் இப்போது அப்படியே பொருந்துகிறது. ஆனால் பேஸுடன் (தாழ்சுருதி இசை வரியுடன்) சேர்த்து இசைத்தால் இரண்டும் ஒன்றையொன்று அமுக்குகின்றன.

மறுமொழி 1:
சிட்டில் மூன்றே குரல்கள் இருந்ததால், தாள ஒலி பலமுறை பேஸின் குரலையே சில படிகளுக்குப் பறித்துக்கொள்ளும். நீங்களும் ஸ்விட்சின் கடைசி உள்ளீட்டில் பேஸை இணைத்து, அடுத்த அடி வரும்வரை அங்கேயே நிற்கச் செய்யுங்கள்.