மேலாளர் கத்தினால் அமிக்டலாவைத் திட்டுவதா?

கரிசல்காட்டான்:
போன வாரக் கூட்டத்தில் எங்கள் மேலாளர் கத்தித் தீர்த்துவிட்டார். எக்செல் தாளில் இரண்டு வரிசை இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆன பெண் எல்லோர் முன்னாலும் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மறுநாள் அவரே வந்து, "தப்பா எடுத்துக்காதம்மா, அமிக்டலா ஹைஜாக் ஆயிடுச்சு" என்றார். ஏதோ பயிற்சி வகுப்பில் பிடித்துக்கொண்டு வந்த சொல். மூளைக்குள் பாதாம் பருப்பு மாதிரி ஒரு பகுதி இருக்கிறதாம். ஆபத்து என்று அதற்குப் பட்டுவிட்டால், யோசிக்கிற மூளையை ஓரங்கட்டிவிட்டு அதுவே ஸ்டியரிங்கைப் பிடித்துவிடுமாம்.

சரி. ஆனால் அவர் உச்சத்தில் இருந்தபோது இயக்குநர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அடுத்த நொடி, "வாங்க சார், சும்மா ரிவ்யூதான்" என்று ஒரு சிரிப்பு. கடத்தப்பட்ட விமானம் இவ்வளவு பவ்யமாகத் தரையிறங்கி நான் பார்த்ததில்லை. அமிக்டலாவுக்குப் பதவி வித்தியாசம் தெரியுமா?

சினாப்ஸ் சிவா:
மூளைக்குத் தெரியும். ஜோசப் லெடூ என்ற மூளை ஆய்வாளர் எலிகளுக்கு ஒரு சத்தத்தையும் மின் அதிர்ச்சியையும் சேர்த்துக் கொடுத்துப் பழக்கினார். சத்தம் பற்றிய செய்தி, கண் காது செய்திகளைப் பிரித்து அனுப்பும் தாலமஸ் என்ற மூளைப் பகுதியிலிருந்து இரண்டு வழியில் போகிறது என்று காட்டினார். ஒன்று மூளையின் மேலடுக்கான கார்டெக்ஸ் வழியாகச் சுற்றி வருவது. இன்னொன்று அமிக்டலாவுக்கு நேரே போகும் குறுக்குச் சந்து. கயிற்றைப் பார்த்து முதலில் துள்ளிவிட்டு, அப்புறம் "ச்சே, கயிறு" என்கிறோமே, அதற்கு இந்தச் சந்துதான் காரணம் என்றார். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதி சூழலை எடைபோட்டு பிரேக் போடுகிறது. இயக்குநர் தலை தெரிந்ததும் பிரேக் விழுந்தது. கத்தியதும் மூளை, நிறுத்தியதும் மூளை. வேறு எது செய்யும், முழங்காலா?

ஓரம்சாரம்:
சிலருக்கு அது முழங்காலில்தான் இருக்கிறது என்று கேள்வி.

மதுரைக்காரி:
கத்தினாலும் மூளை, சும்மா இருந்தாலும் மூளை என்றால் அது விளக்கம் இல்லை சிவா, பெயர் மாற்றம். கோபம் செல்லுபடியாகிற இடத்தில்தான் வரும் என்று எங்கள் அப்பத்தா ஸ்கேன் எடுக்காமலே சொல்லும். அந்தப் பெண்ணிடம் வந்த கோபம் இயக்குநரிடம் ஏன் வரவில்லை என்பதற்கு மூன்று பேருடைய சம்பளச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

நான் உளவியல் பாடம் எடுப்பவள். 2008இல் யேல் பல்கலைக்கழகத்தில் டீனா வைஸ்பெர்க் குழு ஒரு சோதனை செய்தது. மனித நடத்தை பற்றிச் சில நல்ல விளக்கங்களும் சில வெத்து விளக்கங்களும் கொடுத்தார்கள். விஷயத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் "மூளை ஸ்கேனில் தெரிந்தபடி" என்கிற மாதிரி ஒரு வரியைச் சேர்த்ததும், வெத்து விளக்கம்கூடப் பலருக்குத் திருப்தியாகத் தெரிந்தது. மூளை அறிவியல் வகுப்பில் உட்கார்ந்திருந்த மாணவர்களும் விழுந்தார்கள். நிபுணர்கள்தான் ஏமாறவில்லை. "கோபம் வந்துவிட்டது" என்றால் "உங்களுக்கு ஏன் வருகிறது?" என்று அந்தப் பெண் கேட்கலாம். "அமிக்டலா" என்றால் என்ன கேட்பாள், பாவம்?

இன்னொன்று. லெடூவே பின்னாளில், பயம் என்கிற உணர்வு அமிக்டலாவில் உட்கார்ந்திருக்கவில்லை, ஆபத்துக்கு உடல் காட்டும் எதிர்வினைதான் அதன் வேலை என்று சொல்லிவிட்டார். எஸ்.எம். என்று மட்டும் அறியப்படும் அமெரிக்கப் பெண்ணுக்கு அபூர்வ நோய் ஒன்றால் இரு பக்க அமிக்டலாவும் அழிந்துபோயிருந்தது. பாம்பைக் கையில் வாங்கித் தடவினார். பேய் வீட்டில் மற்றவர்களுக்கு முன்னால் நடந்தார். ஆனால் 35 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரு மூச்சு இழுக்க வைத்தபோது, முகமூடியைக் கழற்றச் சொல்லிப் பீதியில் துடித்தார். 2013இல் வெளிவந்த ஆய்வு. அமிக்டலா இல்லாமலே அந்தப் பீதி வந்தது.

சினாப்ஸ் சிவா:
எஸ்.எம். எனக்கும் சாட்சிதான் மேடம். வெளியே இருந்து வரும் ஆபத்து வேறு, உடலுக்குள்ளே மூச்சு முட்டுவது வேறு, இரண்டுக்கும் மூளையில் ஒரே பாதை இல்லை என்பது அந்தப் பெண்ணால்தானே தெரிய வந்தது? அதை எந்த அப்பத்தாவும் சொல்லியிருக்க முடியாது.

ஓரம்சாரம்:
செத்துப்போன சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, "இவர் மனநிலை என்ன?" என்று கேட்டார்களே, அதையும் சொல்லுங்கள். மீனுக்கும் மூளையில் புள்ளி எரிந்ததாம். சிரிக்க வைத்துப் பிறகு யோசிக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபெல் பரிசுகூட 2012இல் கொடுத்தார்கள்.

சினாப்ஸ் சிவா:
அதைச் செய்தவர்களே மூளை ஆய்வாளர்கள்தான் அண்ணே. ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே மூச்சில் சோதித்தால் நாலைந்து தற்செயலாக எரியும், கணக்கைத் திருத்திப் போட்டால் அணைந்துவிடும் என்று காட்டத்தான் அந்த மீன்.

தென்னந்தோப்பு:
ரொம்ப நாளாக வாசிக்கிறேன், எழுதியதில்லை. எங்கள் அப்பாவுக்குப் பார்க்கின்சன். தபால் துறையில் இருந்தவர், டீக்குக் கொடுத்த காசையும் டைரியில் எழுதுகிற ஆள். பிரமிபெக்ஸோல் மாத்திரையின் அளவைக் கூட்டி நாலு மாதம் இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்குப் போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்தது. போனில் ரம்மி. அக்காவின் நகைச் சீட்டுப் பணம் உட்பட ஒன்றே முக்கால் லட்சம் போயிருந்தது. வயசான காலத்தில் புத்தி கெட்டுப்போச்சு என்று நான்தான் அதிகம் திட்டினேன்.

மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் பொடி எழுத்தில் சூதாட்ட நாட்டம் வரலாம் என்று போட்டிருந்ததைத் தற்செயலாகப் பார்த்தேன். எந்த மருத்துவரும் எங்களிடம் அதைச் சொன்னதில்லை. காட்டியதும் அளவைப் படிப்படியாகக் குறைத்து வேறு மருந்துக்கு மாற்றினார்கள். இரண்டு மாதத்தில் ரம்மி தானாக நின்றது.

சினாப்ஸ் சிவா:
இதற்கு ஒரு விளக்கம் உண்டு. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளுக்கு விளக்கைப் போட்டுப் பழச்சாறு கொடுத்துப் பழக்கினார். நாளாவட்டத்தில் டோபமின் என்ற ரசாயனத்தால் மூளைக்குள் செய்தி அனுப்பும் செல்கள் சாற்றுக்குத் துடிக்காமல் விளக்குக்கே துடித்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் துடிப்பு இறங்கியது. அந்த இறக்கம்தான் தோற்றவனுக்குப் "போதும்" என்று சொல்வது. இந்த மாத்திரை டோபமின் மாதிரியே நாள் முழுக்க வேலை செய்வதால் அந்த இறக்கம் அப்பாவுக்கு உறைக்காமல் போயிருக்கலாம்.

மதுரைக்காரி:
இதை ஒத்துக்கொள்கிறேன். மாத்திரை கூடியது, ஆட்டம் வந்தது. குறைந்தது, போனது. இது பெயர் மாற்றம் இல்லை. மேலாளர் விஷயத்தில் எதைக் கூட்டி எதைக் குறைத்துப் பார்த்தார்கள் சிவா?

சினாப்ஸ் சிவா:
இயக்குநரைத்தான். தினமும் கூட்டத்தில் உட்கார வைத்துப் பார்க்கலாம்.

கரிசல்காட்டான்:
தென்னந்தோப்பு, தப்பாக நினைக்காதீர்கள். அப்பா இப்போது அதைப் பற்றி என்ன சொல்கிறார்?

தென்னந்தோப்பு:
"மாத்திரை பண்ணின வேலைப்பா அது, நீங்க இல்லை" என்று நான் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "பட்டனை நான்தானே அமுக்கினேன்" என்கிறார். மாதாமாதம் பென்ஷன் வந்ததும் அக்காவுக்கு மூவாயிரம் அனுப்புகிறார். அவள் வேண்டாம் என்று அழுகிறாள், கேட்பதில்லை. டைரியில் எழுதி வைக்கிறார்.

ஒரு விஷயம். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யார் வீட்டிலாவது இருந்தால் இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் கேட்டு, மெதுவாகத்தான் குறைக்க வேண்டும்.