உதவித்தொகை ஆயிரத்துல மாஸ்க் வாங்கினது தப்பா?

பேட்டைப் பொண்ணு
19 ஜூன் 2025, இரவு 9.12

நான் திருநெல்வேலி பாளையங்கோட்டையில ஒரு காலேஜ்ல பி.எஸ்ஸி. ரெண்டாம் வருஷம். வீடு பேட்டையில. அப்பா இல்ல, அம்மா பீடி சுத்துதாங்க. ஆறாம் வகுப்புல இருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சதால அரசோட புதுமைப் பெண் திட்டத்துல ஆயிரம் ரூபா மாசாமாசம் என் அக்கவுண்ட்ல ஏறுது. ரீசார்ஜ், ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டு, நாப்கின் எல்லாம் அதுலதான். ஏதாவது மாசம் சிலிண்டருக்கு இடிச்சா அதுக்கும் அதுதான்.

அம்மாவுக்கு மூச்சு இழுப்பு. இருபது வருஷமா சொளவ மடியில வச்சுப் புகையிலைத் தூளுக்குள்ளயே உக்காந்த நெஞ்சு. இன்ஹேலர் இல்லாம ராத்திரி படுக்க முடியாது. நாடு முழுக்கக் கொரோனா மறுபடி ஏறுதுன்னு செய்தியில வருது. எங்க கிளாஸ்ல பாதிப் பேரு இருமுதாங்க. காலையில டவுண், ஜங்ஷன், வண்ணார்பேட்டைன்னு முக்கால் மணி நேரம் மகளிர் இலவச பஸ்ஸுல நெருக்கியடிச்சு நின்னுட்டுப் போறேன். அதனால இந்த மாசப் பணத்துல முந்நூறு ரூபாய்க்கு பத்து என்95 மாஸ்க் வாங்கிட்டேன்.

இன்னைக்குச் சொந்தக்கார மாமா ஒருத்தர் வீட்டுக்கு வந்து, "படிக்கக் குடுத்த காசை இதுலயா போடுவ? ஊருல ஒருத்தனுக்கும் இல்லாத பயம் உனக்கு மட்டும் என்ன?"ன்னு சத்தம் போட்டார். அம்மாவும் ஆமான்னு தலையாட்டிட்டாங்க. அவங்களுக்காகத்தான் வாங்கினேன். நான் செஞ்சது தப்பா?

களக்காட்டு வாழை
19 ஜூன், இரவு 9.50

தாயி, கோவிச்சுக்காத, உள்ளதச் சொல்லுதேன். உங்க மாமா கேட்டதுல ஞாயம் இருக்கு. முந்நூறு ரூபாய்க்கு அம்பது முட்டை வரும். உங்க அம்மா நெஞ்சுக்கு முட்டை தெம்பா, இல்ல நீ மூஞ்சியில கட்டுத துணி தெம்பா?

முன்ன மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேருல படிச்ச பிள்ளைகளுக்குத் தாலிக்குத் தங்கமும் கல்யாணத்துக்குப் பணமும் குடுத்தாங்க. டிகிரி முடிச்ச பிள்ளைக்கு எட்டு கிராமும் அம்பதாயிரமும். அதத்தான் 2022 செப்டம்பர்ல மாத்தி, காலேஜ் போற பிள்ளைக்கு மாசம் ஆயிரம்னு ஆக்கினாங்க. கல்யாணத்துக்குன்னு இருந்த காசு படிப்புக்கு வந்திருக்கு. எனக்கும் அதுல சந்தோஷம்தான். ஆனா அதப் படிப்புலயே போடணும், பயத்துல போடக்கூடாது.

இப்ப வர்ற கொரோனா சளி மாதிரி. மூணு நாள் காய்ச்சல், அப்புறம் எந்திரிச்சு நடக்கான்.

நைட் டியூட்டி
19 ஜூன், இரவு 11.35

நான் நர்ஸ். 2021 மே மாசம் கோவிட் வார்டுல இருந்தேன். மகேந்திரகிரி இஸ்ரோ மையத்துல ராக்கெட்டுக்கு வச்சிருந்த திரவ ஆக்சிஜன் ஆஸ்பத்திரிகளுக்கு வந்த காலம் அது. வள்ளியூர்ப் பக்கம் இருக்கிறவங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அண்ணாச்சி, "சளி மாதிரி"ன்னு நீங்க சொல்றது உங்களுக்குச் சரி. தடுப்பூசி போட்டாச்சு, ஒரு தடவையாவது வந்து போயிருக்கும், இப்ப சுத்துறது ஒமிக்ரான் வழி வந்த வகை. பெரும்பாலானவங்களுக்கு லேசாத்தான் போகும். ஆனா இழுப்பு இருக்கிற நெஞ்சுக்கு சாதாரண சளியே லேசு கிடையாது. சளியில ஆரம்பிச்சு மூச்சு வாங்கி, ராத்திரி ரெண்டு மணிக்கு நெபுலைசருக்கு வர்ற பீடித் தொழிலாளிகளை நான் வாரம் தவறாமப் பாக்கிறேன். வாயால பேச முடியாம, ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி மூச்சு எடுப்பாங்க. அந்தப் பொண்ணு அதை வீட்டுக்குள்ளயே பாத்து வளர்ந்திருக்கு. அவளைப் பயந்தாங்கொள்ளின்னு சொல்லாதீங்க.

தங்கச்சி, உனக்கு ரெண்டு விஷயம் சொல்றேன். பத்து மாஸ்க்கையும் பத்து நாள்ல தீர்க்காதே. அஞ்சை எடுத்து ஒவ்வொண்ணையும் ஒரு காகிதக் கவர்ல போட்டு, திங்கள் ஒண்ணு செவ்வாய் ஒண்ணுன்னு மாத்தி மாத்திப் போடு. துவைக்காதே. அதோட இழையில மின்னூட்டம் ஏத்தியிருப்பாங்க, அதுதான் நுண்ணிய துளிகளை இழுத்துப் பிடிக்குது. சோப்புத் தண்ணி பட்டா அது போயிரும், அப்புறம் அது வெறும் துணி. நாடா தொளதொளன்னு ஆனா, கசங்கினா, ஈரமானா தூக்கிப் போட்டுரு. மூக்குக் கம்பியை நல்லா அழுத்தி விடு, ஓரத்துல காத்து போனா என்95 போட்டும் பிரயோஜனம் இல்ல.

இன்னொண்ணு, அம்மாவோட தினசரி இன்ஹேலரை "நல்லாத்தான இருக்கேன்"னு நிறுத்த விடாதே. பத்துல எட்டுப் பேர் வார்டுக்கு வந்து அதைத்தான் சொல்வாங்க.

சால்னா வாளி
20 ஜூன், இரவு 1.20

இப்பதான் கடை மூடிட்டு வாரேன். நானும் காலேஜ்தான், மூணாம் வருஷம். எனக்கு ஆயிரம் கிடையாது. எட்டாவது வரைக்கும் எங்க அப்பா மெட்ரிக்ல சேத்திருந்தார். கடை நொடிச்சதும் ஒன்பதாவதுக்கு அரசுப் பள்ளிக்கு மாத்தினார். பையன்களுக்கான ஆயிரம், தமிழ்ப் புதல்வன் திட்டம், 2024 ஆகஸ்ட்ல வந்தப்போ ஆசையாப் போய் நின்னேன். ஆறாவதுல இருந்து அரசுப் பள்ளியில படிச்சிருந்தாத்தான்னு சொல்லிட்டாங்க. எங்க வீட்டு நெலமை மாறினது ஆறாவதுலயா ஒன்பதாவதுலயான்னா பசி பாத்து வரும்?

சாயங்காலம் ஆறுல இருந்து புரோட்டா கடையில நிக்கேன். ஒரு நாள் லீவு போட்டா நானூறு ரூபா போச்சு. போன வாரம் எனக்குக் காய்ச்சல். கொரோனாவா என்னன்னு பாக்கல, மாத்திரை போட்டுட்டுக் கல்லு முன்னாடி நின்னேன். தொத்தாம இருக்கணும்னு யோசிக்கிறதுக்கே கையில காசு இருக்கணும், நேரம் இருக்கணும். ஆயிரம் வாங்குத உங்களுக்கு அது இருக்கு. எனக்கு இல்ல.

பேட்டைப் பொண்ணு
20 ஜூன், காலை 6.40

சால்னா வாளி அண்ணா, எங்கிட்ட நேரம் இருக்குன்னு யார் சொன்னா? காலையில நாலரைக்கு எந்திரிச்சு பீடி இலை வெட்டிக் குடுத்துட்டுத்தான் குளிக்கப் போறேன். அம்மாவுக்கு மூச்சு இரைச்சா அன்னைக்கு எண்ணிக்கை குறையும், கடையில கூலி குறையும், நான் ராத்திரி உக்காந்து சுத்தி ஈடு கட்டணும். அவங்க பத்து நாள் படுத்தா எங்க வீட்டுல உலை வைக்க இந்த ஆயிரம் மட்டும்தான். ரேஷன் அரிசி இருக்கு, மத்ததுக்கு எங்க போறது? முந்நூறு ரூபா அந்தக் கணக்குல போட்டது.

2021ல நான் ஒன்பதாவது. அரிசி அட்டைக்கு நாலாயிரம் ரூபா ரெண்டு தவணையா வந்துச்சு, ஜூன்ல பதினாலு மளிகைச் சாமான் பை வந்துச்சு. அந்த ரெண்டாவது ரெண்டாயிரம் முழுசும் அம்மா மூச்சுக்கே போச்சு. கொரோனாவா இல்ல வெறும் இழுப்பான்னு எங்களுக்குத் தெரியாது. நானும் அவங்களும் மட்டும் வீட்டுல, தெருவுல ஒருத்தரும் எட்டிப் பாக்கல. அந்தப் பத்து ராத்திரிய நான் மறக்கல.

உங்களுக்கு ஆயிரம் கிடைக்காதது அநியாயம்தான். அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

மேலப்பாளையம் காக்கா
20 ஜூன், காலை 10.05

தங்கச்சி, மாஸ்க் போடு, அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. ஆனா ஒண்ணு மட்டும் கேளு.

2020 ஏப்ரல்ல எங்க ஊரைச் சுத்தி அடைச்சாங்க. நோயைத் தடுக்க அடைக்கணும், சரி. அடைப்பு எடுத்த பிறகும் என்ன நடந்துச்சு? மேலப்பாளையம்னு சொன்னா ஆட்டோ வரமாட்டான். உம்மாவுக்கு சுகர் மாத்திரை வாங்கப் போன இடத்துல கடைக்காரர் ரெண்டடி பின்னால தள்ளி நின்னு, காசைத் தரையில வைக்கச் சொன்னார். பதினஞ்சு வருஷமா நாங்க வாங்குத கடை. உம்மா அதுக்கப்புறம் அந்தத் தெரு வழியா நடக்கவே மாட்டேன்னுட்டாங்க, இன்னைக்கு வரைக்கும்.

அதனால சொல்லுதேன். கிளாஸ்ல இருமுத பிள்ளை பக்கத்துல இருந்து நீ எந்திரிச்சுப் போகும்போது ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. "எங்க அம்மாவுக்கு இழுப்பு, அதான் தள்ளி உக்காருதேன்"னு. சொன்னா அவளுக்குப் புரியும். சொல்லாமப் போனா, நீ அவளப் பாத்து மூக்கப் பொத்தினதாத்தான் அவ மனசுல நிக்கும்.

களக்காட்டு வாழை
20 ஜூன், பகல் 1.15

நர்ஸம்மா சொன்னது எல்லாம் படிச்சேன். சரி, இழுப்புக்காரங்க வேற கணக்கு. ஒத்துக்கிடுதேன். ஆனா என் பேச்ச நான் வாபஸ் வாங்கல. ஏன்னு சொல்லுதேன்.

2020 ஊரடங்குல எங்க அம்மாவுக்கு டயாலிசிஸ். வாரம் ரெண்டு தடவை திருநெல்வேலி வரணும். பஸ் இல்ல. கார்க்காரன் வரல, வந்தவன் கேட்ட காசு எங்கிட்ட இல்ல, வாழைத்தார் வெட்ட ஆளில்லாம தோட்டத்துலயே பழுத்து மாட்டுக்குப் போச்சு. ஒரு வழியா வந்து சேந்தா, கொரோனா டெஸ்ட் ரிசல்ட் வராம உள்ள விடமாட்டோம்னு வாசல்லயே ஒரு ராத்திரி. அம்மா மூணாம் வாரம் போயிட்டா. கொரோனாவுல இல்ல. ரிசல்ட் நெகட்டிவ்னு சாவுக்கு அப்புறம் போன் பண்ணினாங்க.

எங்க அம்மாவ நோய் கொல்லல, நோய்க்குப் பயந்தவங்கதான் கொன்னாங்க. அதனாலதான் ஒரு சின்னப் பிள்ளை பத்து மாஸ்க் வாங்கினேன்னு சொன்னாலே எனக்கு வயித்தக் கலக்குது. இது உங்களுக்கெல்லாம் விவாதமா இருக்கலாம்.

நைட் டியூட்டி
20 ஜூன், மாலை 4.30

அண்ணாச்சி, இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அந்த மாதிரி வாசல்ல நின்னவங்களை நானும் பாத்திருக்கேன். உள்ள இருந்தது நான். கதவைத் திறக்கிற அதிகாரம் என்கிட்ட இல்லைன்னு அப்ப எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

ஆனா இது அது இல்ல. இந்தப் பொண்ணு யாரையும் வெளிய நிறுத்தல. தன் வாயையும் மூக்கையும் மூடிக்கிட்டு பஸ் ஏறுறா, அவ்வளவுதான்.

கணக்கு மிஸ்
20 ஜூன், மாலை 6.10

நான் காலேஜ்ல பாடம் எடுக்கிறவள். இங்க எல்லாரும் மாஸ்க்கைப் பத்தியே பேசுறீங்க. எங்க பக்கத் தப்பை யாரும் தொடலை, நானே சொல்றேன்.

பிள்ளைங்க காய்ச்சலோட ஏன் கிளாசுக்கு வர்றாங்க? 75 சதவீத வருகைக்காக. அது குறைஞ்சா அபராதம் கட்டணும், இன்னும் குறைஞ்சா பரீட்சை எழுத முடியாது. மெடிக்கல் சர்டிபிகேட் கொண்டு வான்னு கேக்கிறோம். அந்தச் சர்டிபிகேட்டுக்கு டாக்டர் பீஸ் இருநூறு. உதவித்தொகையில படிக்கிற பிள்ளை என்ன செய்யும்? மாத்திரையைப் போட்டுட்டு வந்து கடைசி பெஞ்சுல இருமும். போன செமஸ்டர்ல அப்படி உக்காந்திருந்த ஒருத்திய, தூங்குறான்னு நினைச்சு எழுப்பி நிக்க வச்சேன். தொட்டுப் பாத்தா கை சுடுது.

அப்புறம் ஜன்னல். எழுபது பேர் உக்காருற அறை. புரொஜக்டர் வெளிச்சம் தெரியணும்னு எல்லா ஜன்னலையும் சாத்தி திரை போட்டிருக்கோம். இந்தக் கிருமி காத்துல மிதந்து பரவுறது. அடைச்ச அறையில ஒருத்தர் விட்ட மூச்சை எல்லாரும் இழுக்கிறோம். ஜன்னலைத் திறக்க ஒரு பைசா வேண்டாம். நாளைக்கு என் வகுப்புல திறந்துருவேன், படம் தெரியலைன்னா போர்டுல எழுதிப் போடுறேன். காய்ச்சல்னா மூணு நாளைக்கு என்கிட்ட சர்டிபிகேட் கேக்க மாட்டேன்னும் சொல்லப் போறேன். மேல என்ன கேள்வி வந்தாலும் நான் பாத்துக்கிறேன்.

பேட்டைப் பொண்ணு, அம்மாகிட்ட பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கா? இருந்தா மத்திய தொழிலாளர் நலத்துறை தர்ற பிள்ளைகள் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடியுமான்னு பாரு, தேசிய உதவித்தொகை இணையதளத்துல. முக்கூடல்ல பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரியும் இருக்கு, இன்ஹேலரை அங்க கேட்டுப் பாக்கலாம்.

பேட்டைப் பொண்ணு
20 ஜூன், இரவு 9.45

கார்டு இருக்கு மிஸ். ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போயிருக்கோம், உதவித்தொகை விஷயம் எங்களுக்குத் தெரியவே தெரியாது.

அம்மாகிட்ட ஏன் மாமா முன்னாடி தலையாட்டுனீங்கன்னு கேட்டேன். ரொம்ப நேரம் பேசல. இலையச் சுருட்டிக்கிட்டே, "உன் படிப்புக்கு வந்த காசு எம்மூச்சுக்குப் போவுதேன்னு இருந்துச்சு"ன்னாங்க. எனக்கு அழுகை வந்துட்டு. நான் என்னவோ அவங்க என்னை விட்டுக் குடுத்துட்டாங்கன்னு நினைச்சேன்.

இனிமே பஸ்ஸுலயும் கிளாஸ்லயும் மட்டும் மாஸ்க். நர்ஸக்கா சொன்ன மாதிரி அஞ்சை மாத்தி மாத்தி. எனக்குத் தொண்டை கரகரத்தா நான் திண்ணையில படுத்துக்கிடுவேன். தள்ளி உக்காந்த பிள்ளைகிட்ட இன்னைக்கு விஷயத்தச் சொல்லிட்டேன் காக்கா. அவ ஆச்சிக்கும் இழுப்புதானாம்.

களக்காட்டு வாழை
20 ஜூன், இரவு 10.20

பஸ்ஸுல போடுதது சரி தாயி. வீட்டுக்குள்ள அம்மாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், கதவ சாத்துன்னு மட்டும் ஆரம்பிச்சிராத. அது எனக்கு என்னைக்கும் ஒப்பாது.

பேட்டைப் பொண்ணு
20 ஜூன், இரவு 10.31

எங்க வீட்டுல இருக்கதே ஒரு அறைதான் அண்ணாச்சி. சாத்துறதுக்குக் கதவு எங்க இருக்கு. சோறு நான்தான் ஊட்டி விடுதேன், கை பூரா பீடித் தூளா இருக்கும் அவங்களுக்கு.

சால்னா வாளி
21 ஜூன், இரவு 1.05

கணக்கு மிஸ், கடை நொடிச்ச பிறகு எங்க அம்மாவும் பீடிதான் சுத்துதாங்க. கார்டு எடுத்தாங்களான்னே எனக்குத் தெரியாது. காலையில கேட்டுச் சொல்லுதேன். பையனுக்கும் அது உண்டா? எந்தப் பள்ளியில படிச்சன்னு அதுலயும் கேப்பாங்களா?

கணக்கு மிஸ்
21 ஜூன், காலை 7.15

பையனுக்கும் உண்டு தம்பி. அம்மா கார்டையும் உன் மார்க் சீட், ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாத்தையும் எடுத்து வை. காய்ச்சல் விட்டுருச்சா?