புதுப்பிப்பு: கோபோல் நிரலில் 2030 முதிர்வுத் தேதி 1930 ஆனது – தீர்ந்தது

காரைக்குடி நிதி நிறுவனம் ஒன்றின் கோபோல் (COBOL) என்ற பழைய கணினி மொழியில் எழுதிய நிரலில், 2030இல் முதிரும் வைப்புகளுக்கு 1930 என்று வருவதைப் பற்றிக் கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சரியாகிவிட்டது.

காரணம் ஈரிலக்க ஆண்டுதான்; அதாவது ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் சேமித்திருந்தார்கள். 00–29 வந்தால் 2000கள், 30–99 வந்தால் 1900கள் என்று நிரல் பிரித்திருந்தது. எல்லையை 50க்குத் தள்ளினால் முதிர்வுத் தேதி சரியாகும். ஆனால் அதே துணைநிரல்தான் பிறந்த தேதியையும் படிக்கிறது. 1945இல் பிறந்த ஆச்சிக்கு 2045 என்று விழும். அதனால் கோப்பிலேயே ஆண்டை நாலு இலக்கமாக்கச் சொல்லி இங்கே பதில் எழுதிய அண்ணனின் வழியை எடுத்தோம்.

எதிர்பாராதது ஒன்று: சில பதிவுகளில் 991231 (ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை) என்பது 'முடிவுத் தேதி இல்லை' என்ற அடையாளம். அது 1999 ஆகி, நடப்பில் உள்ள கணக்குகள் முடிந்தவையாகத் தெரிந்தன. அவற்றை மட்டும் 99991231 ஆக்கினோம். அப்புறம், பதிவின் நீளம் கூடுவதால் அந்தக் கோப்பைத் தொடும் எல்லா நிரல்களையும் மறுபடி கம்பைல் செய்யுங்கள் (கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றுங்கள்).