கடினமான சிறுநீரகக் கல்லுக்கு ஹோல்மியம் லேசரா, தூலியம் லேசரா?

மதுரையில் வசிக்கும் என் தந்தைக்கு (வயது 62, சர்க்கரை நோய் உண்டு) இடது சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதியில் 14 மி.மீ. கல் இருப்பதும், அதன் அடர்த்தி 1,250 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு (சி.டி. ஸ்கேனில் அடர்த்தியைக் குறிக்கும் அளவு; இது கடினமான கல்லைக் காட்டுகிறது) என்பதும் சென்ற மாதம் எடுத்த சி.டி. ஸ்கேனில் தெரிந்தன. விலாவிலிருந்து அடிவயிறு வரை இறங்கும் வலியும், அவ்வப்போது சிறுநீரில் இரத்தமும் உண்டு. காய்ச்சல் இல்லை, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் இரத்தக் கிரியேட்டினின் 1.1.

வலி மாத்திரை, நிறையத் தண்ணீர், உறவினர்கள் விடாமல் கொடுத்த வாழைத்தண்டுச் சாறு எதிலும் பலனில்லை. அதிர்வலைச் சிகிச்சையிலும் கல்லின் ஓரம் மட்டுமே உதிர்ந்தது. இனி, வளையும் கருவியைச் சிறுநீர்ப் பாதை வழியே செலுத்தி லேசரால் உடைப்பதுதான் வழி என்கிறார்கள்.

ஒரு மருத்துவர் ஹோல்மியம் லேசரே போதும் என்கிறார். மற்றொருவரோ, 1,940 நானோமீட்டர் அலைநீளமுள்ள தூலியம் ஃபைபர் லேசரைத் தண்ணீர் ஹோல்மியத்தைவிடப் பல மடங்கு கூடுதலாக உறிஞ்சுவதால் கல் நைசாகப் பொடியாகும் என்றும், லேசரைக் கொண்டுசெல்லும் இழை மெலிதாக இருப்பதால் கருவி கீழ்ப்பகுதி வரை நன்றாக வளையும் என்றும் விளக்கி, அதற்குக் கூடுதல் கட்டணமும் சொல்கிறார்.

இவ்வளவு கடினமான கல்லுக்கு, மிச்சத் துண்டுகள் தங்காமல் ஒரே அமர்வில் முடிய, அந்தக் கூடுதல் செலவு உண்மையிலேயே பயன் தருமா?